காந்தாரம் இல்லாத இடத்தில் கிட்டார்

தியாகராஜரின் ‘பண்டுரீதி கோலு’ ராமனிடம் வேலை கேட்கும் பாட்டு. சேவகனுக்கான உடுப்பும் அதிலேயே வந்துவிடுகிறது: மெய்சிலிர்ப்பு கவசம், ராமபக்தன் என்ற பெயரே முத்திரை வில்லை, ராமநாமம் வாள். காமம், செருக்கு முதலியவற்றை அடித்து வீழ்த்துவதுதான் பணி. கழுத்தில் அடையாள அட்டையோடு குன்றத்தூரில் ஷிப்ட் பஸ் ஏறி ஒரகடத்துக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ போகும் ஓர் இளைஞர், இந்தப் பாட்டைச் சபாவில் கேட்டிருக்க வாய்ப்புக் குறைவு. டிஸ்டார்ஷன் கிட்டாரும் டிரம்ஸும் சூழ, பெங்களூரின் அகம் குழு தந்த வடிவில் அது அவர் ஹெட்போனுக்கு வந்து சேர்ந்திருக்கலாம்.

2003இல் தொடங்கிய அகம், தன் இசையைக் கர்னாடக புரோக்ரசிவ் ராக் என்று சொல்லிக்கொள்கிறது. மெட்டலின் எடையும் அதில் தாராளமாக உண்டு. பாடுவதும் வயலின் வாசிப்பதும் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன். 2012இல் வந்த முதல் ஆல்பம் ‘தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்’; பண்டுரீதி அதில் ‘ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி’ ஆகியிருக்கிறது. இந்த ஆல்பத்தில் அகம் எடுத்த மிக நல்ல முடிவு இந்தக் கீர்த்தனையைத் தேர்ந்ததுதான். அதற்கு இசை இலக்கணத்திலேயே காரணம் இருக்கிறது.

மெட்டல் கிட்டாரின் அடிப்படை, பவர் கார்டு. ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்து ஒலிப்பது அது. நடுவே காந்தாரத்தையும் மீட்டினால், டிஸ்டார்ஷன் அந்தச் சுரங்களைக் குழப்பிக் கரகரப்பாக்கிவிடும். ஆகவே காந்தாரத்தை விட்டுவிடுவது மெட்டலின் பழக்கம். பண்டுரீதி அமைந்த ஹம்ஸநாதத்திலோ காந்தாரமே கிடையாது. ஸ, ரி, பிரதி மத்யமம், ப, காகலி நிஷாதம் என்று ஓடும் ராகம் அது. கிட்டார்காரர் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஸட்ஜத்தில் அவர் வைக்கும் கார்டு ராகத்துக்கு வெளியே ஒரு சுரத்தையும் கொண்டுவராது. கவசமும் வாளும் வரும் சாகித்யத்துக்கு அந்தக் கனமும் பொருந்துகிறது. இழப்பும் உண்டு: வேலை கேட்கிறவரின் பணிவு, வேலை கிடைத்துவிட்டவரின் முழக்கமாக மாறிவிடுகிறது. ஆனாலும் ராகம் பிழைத்திருக்கிறது. கீர்த்தனையை ராக்கில் போடும் முயற்சிகளில் இது பெரிய சாதனைதான்.

எல்லா ராகமும் இப்படி இடம் கொடுக்காது. 2017இல் வந்த ‘எ ட்ரீம் டு ரிமெம்பர்’ ஆல்பத்தில் முத்துஸ்வாமி தீட்சிதரின் ‘ரங்கபுர விஹார’ இருக்கிறது. ராகம் பிருந்தாவன சாரங்கா. அதன் காந்தாரம், இறங்கும்போது ரிஷபத்தை ஒட்டி நிழல்போல வந்து போகும். எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிக் கேட்டவர்களுக்கு அந்த நிழல்தான் ராகம். கிட்டாரின் கட்டைகளும் கார்டுகளும் சுரங்களை இடம் குறித்து நிறுத்துபவை. குரல் நெளிகிற இடத்தில் பக்கவாத்தியம் நிமிர்ந்து நிற்கிறது. அதோடு பஸ்ஸின் இரைச்சலில் கேட்பவர், மெல்லிய இடம் காதில் விழ வால்யூமைக் கூட்டுவார். அடுத்த நொடியே முழு வாத்தியக் கூட்டமும் வந்து அறையும்.

இவற்றையும்விடப் பெரிய குறை தாளத்தில் இருக்கிறது. புரோக்ரசிவ் மெட்டலின் பெருமையே கணக்குதான். டிரீம் தியேட்டரின் ‘தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி’ (1999) ஆறு நிமிடம் சொச்சத்தில் நூறு முறைக்கு மேல் தாளம் மாற்றுகிறது. ஸ்வீடனின் மெஷுகா, நாலு அடிகளை சிம்பலில் நிலையாக வைத்துக்கொண்டு, அதன்மேல் வேறு நீளமுள்ள ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கைச் சுழலவிட்டு மறுபடி சமத்தில் (தாளச் சுற்றின் முதல் அடியில்) கொண்டுவந்து சேர்க்கிறது. மிருதங்கக்காரர் கோர்வை வைப்பதும் இதே மூளையால்தான். இப்படி இரண்டு தரப்பும் கணக்கில் தேர்ந்தவை; சந்திக்கும்போது அந்தக் கணக்குத்தான் முதலில் கைவிடப்படுகிறது. பண்டுரீதி தேசாதி தாளம். சமம் கழிந்து சற்றுத் தள்ளியே பல்லவி எடுக்கும். அந்தத் தள்ளலில்தான் பாட்டின் துடிப்பு இருக்கிறது. கிக் டிரம் ஒவ்வொரு சமத்தையும் குத்திக் காட்டினால், எடுப்பின் நுட்பம் தாமதம்போல ஒலிக்கத் தொடங்கிவிடும். ராகத்தைக் கடன் வாங்கும் குழுக்கள் தாளத்தையும் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் திருப்புகழ் நினைவுக்கு வருகிறது. கிருத்திகைக்குக் குன்றத்தூர் முருகன் கோயில் மலைப்படி ஏறுகிறவர்களுக்கு அருணகிரிநாதரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஐந்து, ஏழு, ஒன்பது என்று எண்ணிக்கைகளைக் கலந்து பின்னும் சந்தங்கள் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே அவரிடம் குவிந்து கிடக்கின்றன. பல பாடல்களில் ஒரே சந்தம் மும்முறை வந்து, பிறகு ‘தொங்கல்’ என்ற குறுந்துண்டு தனியே விழும். ரிஃப் மூன்று சுற்று, பிறகு ஒரு பிரேக் என்று எந்த மெட்டல் டிரம்மரும் உடனே புரிந்துகொள்ளக்கூடிய கட்டமைப்பு அது. வல்லின அடுக்குகள் கிட்டாரின் அழுத்திய வெட்டு மீட்டலுக்கு நேராகவே பொருந்தும். சொற்களும் தமிழ். தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் உள்ள கீர்த்தனைகளைப் பொருள் அறியாமல் கேட்கும் ஷிப்ட் பஸ் இளைஞருக்கு இது சிறிய விஷயமல்ல. ராகத்தைக் கிட்டாருக்குள் இவ்வளவு தூரம் கொண்டுவரத் தெரிந்த அகம் போன்ற குழு, அடுத்து ஒரு முழு ஆல்பத்தைச் சந்தத்திலிருந்து தொடங்கிக் கட்ட வேண்டும்: முதலில் தாளம், அதன்மேல் ரிஃப், கடைசியில் மெட்டு.