பறக்கும் தோரணை

மைசூரிலிருந்து நீலகிரிக்குச் செல்லும் பெருவழியில், குண்டலுபேட்டையைத் தாண்டி, சூரியகாந்தியும் சாமந்தியும் விளையும் வயல்கள் முடிந்து பந்திப்பூர்க் காடு தொடங்கும் எல்லையில், வெயில் ஏறி, நிலம் காய்ந்து, சூடான காற்று மேலெழும்பும் வேளையில் அண்ணாந்து நிற்கிறவனுக்கு, வேட்டைப் பறவைகளை இனம் பிரித்து அறிவது எத்தனை உயர்ந்த ரசனை என்பது விளங்கும்.

மற்றப் பறவைகளை வர்ணத்தால் அறிகிறோம். கழுகு விஷயத்தில் வர்ணம் நம்பத்தக்க சாட்சி அல்ல. தேன்பருந்தில் வெளிறிய உடல் கொண்டதும் கரும்பழுப்பானதும் ஒரே இனம். குடுமிப் பருந்தின் குஞ்சு, தலையும் மார்பும் வெண்மையாய் வளர்ந்து, வயது ஏற ஏற மார்பில் கோடுகள் படர்ந்து, வேறொரு பறவையோ என்று மயங்கும்படி மாறிவிடுகிறது. போதாததற்கு, உச்சி வெயிலில் வானத்துக்கு எதிரே எல்லாப் பறவையும் கறுப்புத்தான். ஆகவே, ஸ்வரங்களை எண்ணிக்கொண்டிராமல் ஒரே பிடியில் ராகத்தைச் சொல்லிவிடும் சங்கீத ரசிகனைப்போல, வடிவத்தையும் பறக்கும் தோரணையையும் கொண்டு பறவையை அறிவதே இக்கலையின் ஜீவன் என்பது என் அபிப்பிராயம்.

பாம்புக் கழுகைப் பாருங்கள். அகன்ற சிறகுகளைச் சற்றே மேல்நோக்கித் தூக்கிப் பிடித்து, அவசரமே அறியாததுபோல் வட்டமிடுகையில், சிறகின் கறுத்த பின்விளிம்புக்கு உட்புறமாக வெள்ளைப் பட்டை ஒன்று வளைந்து ஓடும். கண்ணுக்கு எட்டாத உயரத்துக்குப் போனாலும் அதன் கணீரென்ற கூவல் காட்டிக்கொடுத்துவிடும். குடுமிப் பருந்தோ சிறகைத் தட்டையாக விரித்து, நீண்ட வாலோடு மிதக்கும். இரண்டும் மரக்கிளையில் அமர்ந்திருக்கும்போது கால்களை நோக்க வேண்டும்: பாம்புக் கழுகின் கணுக்கால் இறகின்றி மஞ்சளாய்ச் செதில் காட்டும், குடுமிப் பருந்துக்கு விரல்கள் தொடங்கும் இடம்வரை இறகு போர்த்தியிருக்கும். இந்த ஒரு லட்சணம் தெரிந்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

மலைச்சரிவுக் காடுகளுக்கு உரிய கருங்கழுகின் அழகு தனி. உடலோடு சேரும் இடத்தில் குறுகி, போகப்போக அகன்று, நுனியில் விரல்களாகப் பிரியும் சிறகுகளோடு, மரங்களின் உச்சியை உராய்வதுபோல் மிக மெதுவாக மிதந்து, சிறு பறவைகளின் கூடுகளைத் துழாவிச் செல்லும் அதன் நிதானத்தை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார்.

பாறுகள் எனும் பிணந்தின்னிக் கழுகுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கனத்த நீள்சிறகுகளுக்கு இடையே தலை சிறுத்து, வால் குட்டையாகத் தோன்றினால் அது பாறு. திரும்பும்போது முதுகின் கீழ்ப்புறம் வெளுத்துத் தெரிந்தால் வெண்முதுகுப் பாறு. கரிய உடலில் தொடையருகே வெண்திட்டுக்கள் இருந்தால் செந்தலைப் பாறு. கால்நடைகளுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி, செத்த மாட்டின் வழியே இவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்து, கூட்டங்கூட்டமாக அழித்தது. கால்நடை மருத்துவத்தில் அதற்கு 2006-இல் தடை வந்தது. எஞ்சியவற்றுக்குப் பந்திப்பூரும் அதை அடுத்த முதுமலை, மாயாறுப் பள்ளத்தாக்கும் முக்கியப் புகலிடங்கள். கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் மூன்றும் சேர்ந்து அங்கே பாறுகளைக் கணக்கெடுக்கும்போது, தொலைவில் சுழலும் ஒரு கரும்புள்ளியை இன்ன இனம் என்று துணிந்து சொல்லும் கண்களை நம்பித்தான் அந்தக் கணக்கு நிற்கிறது.