சட்டத்திற்குள் இரு கிளிகள்: கோலார் தங்கவயல் பூத்தையலும் நாட்டார்கலை வகைப்பாடும்

முன்னுரை

நாட்டார் கைவினை குறித்த தமிழாய்வுகள் மண், மரம், உலோகம் ஆகியவற்றைப் பேசிய அளவிற்கு ஊசியையும் நூலையும் பேசவில்லை. பேசியவையும் தஞ்சைத் தொம்பை, தோடர் பூத்தையல் என மரபுரிமை உறுதிப்பட்ட வடிவங்களையே பெரிதும் நாடின. கண்ணாடிச் சட்டமிட்டு வீட்டுச் சுவரில் மாட்டப்படும் பூத்தையல் படத்திற்கு இவ்வகைப்பாட்டில் இடமில்லை. கோலார் தங்கவயலின் லயன் வீடொன்றில் தைக்கப்பட்ட படத்தை முன்வைத்து இவ்விடுபாட்டை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொருளும் களமும்

வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்த ஒடுக்கப்பட்ட மக்களின் உழைப்பால் எழுந்தது தங்கவயல். 3,000 மீட்டருக்கும் ஆழமாகத் தோண்டப்பட்ட அச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. இங்கு ஆய்வுக்குரிய படம், கட்டுரையாளரின் தாய்வழிப் பாட்டி மாரிக்குப்பத்தில் தைத்ததாகும். மேட்டித் துணியில் எதிரெதிரே இரு கிளிகள். கீழே 'நல்வரவு' என்னும் சொல். வலப்பக்கக் கிளியின் சிறகில் பாதி ஒரு பச்சை. மீதி வேறொரு பச்சை.

மேட்டித் துணியில் இழைகளே கட்டங்களாக அமைந்திருப்பதால் வரைந்துகொள்ளத் தேவையில்லை. கட்டங்களை எண்ணி, ஒவ்வொன்றிலும் குறுக்கும் மறுக்குமாக இரு தையல் இட்டால் போதும். எழுத்தையும் இவ்வாறே எண்ணித் தைக்கலாம். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பாட்டி, அண்டை வீட்டுப் படத்தைப் பார்த்து எண்ணியே இதைத் தைத்தார். அந்த அண்டை வீட்டார்க்கு மாதிரி அச்சுப் புத்தகத்திலிருந்து கிடைத்தது.

மரபு எது?

அச்சு மாதிரியிலிருந்து பிறந்தது நாட்டார்கலை ஆகாது என்பது முதல் மறுப்பு. இது பொருளின் தோற்றுவாயை மட்டும் நோக்குவதால் எழும் முடிவாகும். அச்சிலிருந்து வந்த வடிவம் ஒரு வீட்டிற்குள் நுழைந்த பின், எண்ணிக்கையாக மாறி, வாய்வழியும் கைவழியும் பரவுகிறது. ஒரு கட்டம் கூடினால் அலகு நீள்கிறது. ஒரு நிறம் தீர்ந்தால் சிறகு மாறுகிறது. திரிபுகளோடு கைமாறுதல் நாட்டார் வழக்காற்றின் அடிப்படைப் பண்பு எனில், இப்படம் அப்பண்பிற்கு உட்பட்டதே. மேலும், தையல் நுட்பங்களின் வருகை தமிழகத்திற்குப் புதிதன்று. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் தொடங்கிய பின்னல் வேலை, அயல்நாட்டு நுட்பம் உள்ளூர்ப் பெண்களின் தொழிலாக மாறியதற்குச் சான்றாகும்.

இலக்கியத்தில் தையலுக்கு இரு முகங்கள் உள்ளன. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரத் தொழிலாளருள் துன்னகாரரையும், கிழியாலும் நெட்டியாலும் கைவினை செய்வோரையும் சுட்டுகிறது. பொருநராற்றுப்படை பொருநரின் வறுமையைத் தையலிட்ட கந்தலால் காட்டுகிறது. முன்னது சந்தைக்கான தையல். பின்னது வறுமையை ஒட்டுப்போடும் தையல். லயன் வீட்டுப் படம் இவ்விரண்டிலும் அடங்காது. விற்பதற்கோ உடுத்துவதற்கோ அன்றி, பார்ப்பதற்கென்றே ஓர் ஏழைப் பெண் நேரத்தையும் நூலையும் செலவிட்டாள் என்பதே இதன் தனித்தன்மை.

இதனை எதிர்ப்புக் கலை எனக் கொண்டாடும் போக்கும் ஏற்புடையதன்று. இரு கிளிகள் எவரையும் எதிர்க்கவில்லை. சயனைடு மேடுகளிலிருந்து காற்றோடு வரும் தூசி படியாதிருக்க அதற்குக் கண்ணாடி தேவைப்பட்டது. தூசியை வெளியே நிறுத்தி, ஒரு முழத் துணியின் தூய்மையைக் காத்த அக்கறையே இங்கு நாம் வாசிக்க வேண்டியது. தங்கவயலைப் பற்றிய திரைப்படங்கள் சுரங்கத்தின் இருளையே பெரிதும் காட்டின. 'தங்கலான்' (2024) படத்தில் பெண்கள் முதன்முதலாக ரவிக்கை அணியும் காட்சி, துணிக்கும் மானத்திற்கும் உள்ள உறவைத் தொட்டது. ஆயினும், லயன் வீட்டின் உட்சுவர் இன்னும் பேசப்படாமலேயே உள்ளது.

பின்புறமும் பெயரும்

சட்டம் உளுத்துப்போனதால் அண்மையில் படத்தைப் பிரிக்க நேர்ந்தது. பின்புறத்தில் நூல்கள் நீண்டு ஓடவில்லை. ஒவ்வொரு நிறமும் அருகிலேயே முடிந்து தொடங்கியது. நூலை மிச்சப்படுத்திய கை அது. அட்டைக்குப் பின்னே மடித்திருந்த ஓரத்தில், பாட்டியின் பெயரின் முதலெழுத்தும் 1968 என்ற ஆண்டும் சிவப்பு நூலில் இருந்தன. முன்னால் வருவோர்க்கு வரவேற்பு. தனக்கான பெயரோ மடிப்பிற்குள். கூச்சமா, தற்செயலா என்பதை இன்று கேட்டறிய வழியில்லை. ஆனால் ஒரு செய்தியை இதனோடு இணைத்துக் காண வேண்டும். கட்டாயக் கைரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் தங்கவயல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். நிர்வாகம் தன் தேவைக்காக எடுக்க முனைந்த அடையாளம் கைரேகை. எவரும் கேட்காமல் ஒரு பெண் தானே இட்டுக்கொண்ட அடையாளம் இவ்வெழுத்து.

சுரங்கம் மூடப்பட்டபின் பலர் நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறிப் பிழைக்கின்றனர். வீடு மாறுவோர் இத்தகைய படங்களைக் கழித்துவிடுகின்றனர். நகரப் பழம்பொருள் கடையொன்றில் கட்டுரையாளர் கண்ட மூன்று பூத்தையல் படங்களும் புதிய சட்டத்திற்கேற்ப ஓரம் வெட்டப்பட்டவை. அவ்வோரங்களில் பெயர் இருந்ததா என்பதை இனி எவராலும் சொல்லவியலாது. 'பழம்பொருள்' என்னும் அடைமொழி பொருளுக்கு வயதைத் தருகிறது, செய்தவரை நீக்கிவிடுகிறது.

முடிவுரை

மரபின் தூய்மையை அளவுகோலாகக் கொள்ளும் வகைப்பாடு, தொழிலாளர் குடியிருப்புப் பெண்களின் கலையை ஆய்விற்கு வெளியே நிறுத்துகிறது. பரவும் முறையை அளவுகோலாகக் கொண்டால் அது உள்ளே வரும். களஆய்வாளர்கள் இத்தகைய படங்களின் முன்புறத்தோடு பின்புறத்தையும், மடிப்பையும், தைத்தவர் பெயரையும் பதிவு செய்தல் வேண்டும். தைத்தவர்களுள் எஞ்சியோர் முதுமையில் உள்ளனர். இப்பணி காலம் தாழ்த்தத் தக்கதன்று. பாட்டியின் படம் இப்போது புதிய சட்டத்தில் உள்ளது. ஓரம் வெட்டப்படவில்லை.