ஆண்டையின் மனமும் ஆளின் மனமும்

இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1977-ஆம் ஆண்டு சாகித்திய அக்காதெமி பரிசு பெற்ற புதினம். 1968 டிசம்பர் 25 அன்று, உலகம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய இரவில், நம் நாகைப் பகுதிக் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் சங்கமாய் நின்ற தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் ஒரே குடிசையில் எரிந்து மாண்டனர். அந்நெருப்பே இப்புதினத்தின் கரு.

நிலக்கிழார் கண்ணையா நாயுடுவின் கொடுமைக்கு ஆசிரியர் வேர் தேடுகிறார். ஆண்மைக் குறைவிலும் அதை மறைக்கும் வெறியிலும் அதனைக் காண்கிறார். வர்க்கப் போரை மனக்கோளாறாகச் சுருக்கிவிட்டார் என இடதுசாரித் திறனாய்வாளர்கள் கண்டித்ததுண்டு. எம் குறை வேறு. ஆண்டையின் மனத்துள் இவ்வளவு ஆழம் இறங்கிய எழுத்து, ஆளின் மனவாசலில் ஏன் நின்றுவிட்டது?

அடக்கியாளும் முதலாளிமுன் ஒருவர் நடுங்கி நயந்துகொள்கிறார். ஒருவர் வாய்மூடி ஒதுங்குகிறார். ஒருவரோ நிமிர்ந்து நியாயம் கேட்கிறார். குழந்தைக்கும் அதைப் பேணுவோர்க்கும் உள்ள பிணைப்பே பிற்கால உறவுகளுக்கு அச்சாகிறது என்றார் ஆங்கில உளநோய் மருத்துவர் ஜான் பௌல்பி. பின்வந்தோர் அக்கருத்தைத் தொழிற்களத்துக்கும் விரித்தனர். பேணும் கையே அச்சுறுத்தும் கையாகவும் இருப்பின், குழந்தை அணுகவும் இயலாது, அகலவும் இயலாது திகைக்கும் என்பதும் அவ்வாய்வுகள் கண்டதே.

தஞ்சைப் பண்ணையாளின் நிலையும் இதுதானே? சவுக்கால் அடித்த கையே படி நெல்லும் அளந்தது. சாணிப்பால் புகட்டியவரே குடியிருக்க மனைக்கட்டும் கொடுத்தார். தந்தை தோள்துண்டை இடுப்பில் கட்டிக் கைகட்டி நின்றதைக் கண்டே மகன் வளர்ந்தான். அச்சமும் நன்றியும் ஒரே முடிச்சாயின.

ஆயினும் முடிச்சு அவிழ்ந்தது. 1940-களில் பி. சீனிவாசராவ் போன்றோர் கட்டிய சங்கம், ஆண்டையல்லாத வேறொரு பற்றுக்கோட்டைத் தந்தது. குனிந்த முதுகுகள் நிமிர்ந்தன. தொட்டில் எழுதியதைத் தோழமை திருத்தியது எனலாம். இம்மாற்றமே ‘குருதிப்புனல்’ தவறவிட்ட பெருங்கதை. தில்லியிலிருந்து வந்த கோபால், சிவா ஆகியோரின் கண்வழியே மிகுதியும் பார்த்ததன் விளைவு இது.

இக்குறை இலக்கியத்தோடு முடிவதன்று. இன்றும் அலுவலகங்களில் நடுங்கும் ஊழியரை நோக்கி, ‘அது உன் வளர்ப்பின் கோளாறு’ எனச் சொல்லிவிடுவது எளிது. அவர் மனத்தை ஆராய்வது நன்றே. ஆனால் அவரை நடுங்கவைக்கும் அதிகாரத்தையும், அவர் சாய்ந்துகொள்ளத் தோள் உண்டா என்பதையும் ஆராயாத உளவியல், ஆண்டைக்கே கணக்கெழுதும்.

இக்கேள்வியோடு ‘குருதிப்புனலை’ மீண்டும் வாசியுங்கள்.