அண்டை நாட்டுக் கணக்கும் மலைமேல் மக்களும்

சந்தையைத் திறந்துவிட்டால் செல்வம் கொழிக்கும். செல்வம் கொழித்தால் வறுமை ஓடும் என்கின்றனர். ஓடிற்றா? எங்கே ஓடிற்று? எங்கே ஓட மறுத்து நின்றது? இவ்வினாக்களை எழுப்பி, அண்டை நாடுகளை அருகருகே நிறுத்தி அளந்து காட்டும் நூல், அமர்த்தியா சென்னும் ழான் திரேசும் 2013-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ஆன் அன்சர்ட்டன் குளோரி’. ஜவ்வாது மலையில், பள்ளி முடிந்த மாலை வேளைகளில் அதனைப் படித்தேன். பாராட்டத் தோன்றிற்று, வாதாடவும் தோன்றிற்று. இரண்டையும் தோழர்கள்முன் வைக்கிறேன்.

இலங்கை 1977-இல் கதவைத் திறந்தது, சீனம் 1978-இல், வியட்நாம் 1986-இல், இந்தியா 1991-இல். திறந்த கதவு ஒன்றுபோல்தான். வீட்டிலே விளைந்ததோ வேறுவேறு. ஏன்? நூலாசிரியர்கள் வங்காள தேசத்தைக் காட்டுகின்றனர். 2011-ஐ ஒட்டி, அந்நாட்டைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு தலைவீத வருமானம் இந்தியாவுக்கு. ஆனால், பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறையுமுன் மடிந்தவை அங்கே 37, இங்கே 47. சராசரி ஆயுள் அங்கே 69, இங்கே 65. 1990-இலோ, குழந்தை இறப்பில் நம்மைவிடப் பின்தங்கிக் கிடந்த நாடு அது! நமது பணப்பெட்டி பெருத்த வேகத்தில் தொட்டிலுக்குக் காவல் பெருகவில்லை என்பதன்றோ இதன் பொருள்?

சீனமோ, சந்தைக்கு வருமுன்பே பள்ளியையும் மருத்துவத்தையும் ஊர்தோறும் பரப்பியிருந்தது. எழுத்தறிந்தவன் சந்தைக்குச் சென்றால் வணிகனாகிறான். அறியாதவன் சென்றால் சரக்காகிறான். நூலின் சாரம் இதுவே என்பேன்.

சத்துணவும் நியாயவிலைக் கடையும் ஆரம்ப சுகாதார நிலையமும் கண்டு தமிழ்நாட்டை மெச்சுகிறது நூல். பெருமைதான், மறுப்பாரில்லை. ஆனால், சராசரி என்பது சமவெளியில் நின்று எடுத்த கணக்கு. மலையை அது மறைத்துவிடுகிறது. இங்கே காவலூரில், 1986 முதல், 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி விண்ணை ஆராய்கிறது. இதே மலைத்தொடரின் அல்லேரிப் பகுதியில், 2023 மே திங்களில், பாம்பு கடித்த குழந்தை மருத்துவமனை சேருமுன் மடிந்தது. உடலைத் திரும்பக் கொணர்ந்த ஆம்புலன்சு, சாலையின்றிப் பாதியிலே நிற்க, பெற்றவளே பிணத்தைச் சுமந்து மலையேறினாள். விண்மீனைக் காண வழி கண்டோம். மருத்துவரைக் காண வழி காணோம்!

இன்னொரு குறையும் உண்டு. நாடுகளைத் தனித்தனிப் பானைகளாக வைத்து, எதிலே எவ்வளவு என்று அளக்கிறது நூல். பானைகளுக்கு அடியிலே ஓடும் வாய்க்காலைக் காணவில்லை. சீனத்திலே செல்வம் பெருகிற்று. செல்வர் மாளிகைக்குச் செம்மர நாற்காலி தேவைப்பட்டது. செம்மரம் வளர்வது ஆந்திரக் காட்டில். வெட்டும் கை எங்கிருந்து? சாமை விதைத்துப் பிழைக்கும் இம்மலையிலிருந்தும்! 2015 ஏப்ரல் 7-இல் சேசாசலம் காட்டில் ஆந்திரக் காவல் துறையினர் சுட்டதில் மாண்ட இருபது தமிழருள் ஜவ்வாது மலை மக்களும் இருந்தனர். நாற்காலியில் அமர்ந்தவன் ஒரு நாட்டுக் கணக்கில் வளர்ச்சி. குண்டடிபட்டு வீழ்ந்தவன் எந்த நாட்டுக் கணக்கில்?

அந்நிகழ்ச்சி நூலுக்குப் பின் நடந்தது. அதை எழுதவில்லை என்பதன்று என் குற்றச்சாட்டு. ஒப்பிடும் முறையிலேயே அதற்கு இடமில்லை என்பதே. பெயரிலே மணக்கும் இம்மலைக்குச் சாலை வருமுன் சந்தை வந்துவிட்டது. கோடரியைக் கையிலே கொடுத்துவிட்டது.

ஆயினும், இளைஞர்கள் இந்நூலைப் படிக்க வேண்டும். சந்தையைத் தொழுவோரையும் சந்தையைச் சபிப்போரையும் ஒருசேரக் கணக்குக் கேட்கும் துணிவு அதில் இருக்கிறது. எத்தனை குழந்தை பிழைத்தது? எத்தனை பேர் படித்தனர்? இந்த அளவுகோலை அவர்கள் தந்தனர். அதனைச் சேரிக்கும் மலைக்கும் எடுத்துச் சென்று அளக்க வேண்டியது நம் கடமை. என் வகுப்பிலே அமர்ந்திருக்கும் பிள்ளையின் கையில் கோடரி ஏறுமுன் அளந்தாக வேண்டும்.