அயலுதவியும் இதழுரிமையும்

சிறு தீவு நாடுகளின் செய்தித்தாள்களுக்குப் பெருநாடுகள் பொருள் வழங்குதல் இந்நாளில் வழக்காகியுள்ளது. பசிபிக் தீவுகளில் மக்கள் சிலர். விளம்பர வருவாய் குறைவு. அச்சுத்தாளும் எந்திரமும் கப்பலேறி வரவேண்டும். ஆதலின் உதவி வேண்டுமா என்னும் வினாவிற்கே அங்கு இடமில்லை. அது எவ்வுருவில் வருகிறது என்பதே ஆராயத்தக்கது.

'சாலமன் ஸ்டார்' என்னும் நாளிதழ் சீன அரசின் பொருளால் எந்திரங்கள் பெற முற்பட்டதென்றும், ஈடாகச் சீனாவின் கொடையைப் புகழ்ந்தெழுத இசைந்ததென்றும் 2023இல் செய்தி வெளிவந்தது. தன் நடுநிலை பிறழவில்லை என்பது அவ்விதழின் மறுமொழி. மறுமொழி சொல்ல நேர்ந்ததே இழுக்கன்றோ! மறுபுறம், 2025 சனவரியில் அமெரிக்கா தன் அயலுதவியை நிறுத்திவைத்தபோது, அதனை நம்பியிருந்த செய்தி நிறுவனங்கள் பல நாடுகளில் ஒரே கையொப்பத்தால் தடுமாறின.

தமிழர் இவ்விரு நிலைகளையும் எடைபோடக் கிள்ளான் பள்ளத்தாக்கின் இதழ் வரலாறே துணைநிற்கும். 1924இல் கோலாலம்பூரில் தோன்றிய 'தமிழ் நேசன்', பிரிக்பீல்ட்ஸ் இரயில்வேத் தொழிலாளர் முதல் கிள்ளான் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளர் வரை படிக்கவும் படிக்கக் கேட்கவும் பெற்ற தாள். அதற்குத் தாயகத்திலிருந்து வந்த பேருதவி பணமன்று. எழுதத் தெரிந்த ஆட்கள்.

ஆள் உதவிக்கும் ஓர் இடர் உண்டு. நேசனின் துணையாசிரியராயிருந்த ஆர். எச். நாதன், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவர். 1941இல் தோட்டத் தொழிலாளர் சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி கேட்டனர். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் இழிவு ஒழிய வேண்டுமென்றனர். மே மாதத்தில் நாதன் சிறைப்பட்டார். வேலைநிறுத்தம் பரவியது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். நாதன் இந்தியாவிற்கு நாடு கடத்தப்பட்டார். இதழை மூட வேண்டிய தேவையே அரசுக்கு எழவில்லை. எழுதியவர் அயலார், கப்பலேற்றினால் போதும்!

அடுத்து நிகழ்ந்ததே சிறப்பு. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நேசனில் 'கதை வகுப்பு' நடத்தினர். வாசகருக்குச் சிறுகதை இலக்கணம் பயிற்றி, எழுதச் செய்து, எழுதியவற்றை மதிப்பிட்டனர். செய்தித்தாள் பள்ளிக்கூடமானது. பின்னர்த் தமிழ்நாட்டிலிருந்து வந்த கு. அழகிரிசாமி, 1957 வரை நேசனில் பணியாற்றி, இளம் எழுத்தாளரைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தினார். அவர் இங்கேயே தங்கியிருந்தால் ஒரு பேராசிரியரைச் சுற்றிய மாணவர் குழாமாக அது சுருங்கியிருக்கவும் கூடும். அவர் திரும்பினார், எழுத்து நின்றுவிடவில்லை. 1962இல் மலேசியத் தமிழர்க்கு எழுத்தாளர் சங்கமே அமைந்தது. இவர்கள் இம்மண்ணினர், எவரும் இவர்களைக் கப்பலேற்ற இயலாது.

ஆயினும் எழுத்தாளரை ஆக்குதல் வேறு, இதழை உரிமையோடு நிறுத்தல் வேறு. 1984ஆம் ஆண்டின் அச்சக, வெளியீட்டுச் சட்டப்படி நாளிதழ் ஒவ்வோர் ஆண்டும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டுக் கட்டாயம் 2012இல் நீங்கியது, உரிமம் நீங்கவில்லை. 1987இல் மூன்று நாளிதழ்களின் உரிமம் பறிக்கப்பட்டதை இதழாளர் மறந்திலர். எத்துணைப் பொருளுதவியும் இக்கதவின் தாழைத் திறவாது. உடைமையும் ஒரு தாழே. நேசன் பின்னாளில் மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராயிருந்த ச. சாமிவேலுவின் குடும்பத்தார் கைக்குச் சென்றது. கட்சித் தலைவரின் குடும்ப இதழ் அக்கட்சியை எவ்வளவு உரிமையோடு திறனாய முடியும் என்பதைப் படிப்போரே அறிவர்.

95 ஆண்டுகளை எட்டும் நிலையில், 2019 தொடக்கத்தில் இழப்பைக் காரணங்காட்டி நேசன் நின்றது. அதன் ஞாயிற்றுப் பக்கங்களில் எழுதப் பழகியோரின் கதைகள் நூல்களாயுள்ளன; எழுத்தாளர் சங்கமும் கோலாலம்பூரில் இயங்குகிறது.