அன்னாளும் ஹன்னாவும்: ஒரு பெயர்ப் புத்தகத்தை முன்வைத்து

போன வாரம் அடையாறிலிருந்து அக்கா மகள் போன் பண்ணினாள். பெண் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகிறது. "மாமா, ஹன்னான்னு வைக்கலாம்னு இருக்கோம். அம்மாதான் அன்னாள் ஆச்சி பேரை வையின்னு உயிரை வாங்குறாங்க. இந்தக் காலத்துல அன்னாள்னு யாராவது வைப்பாங்களா?"

நான் சிரித்துவிட்டேன். அவளுக்குக் கோபம். இரண்டும் ஒரே பெயர்தான் என்றேன், நம்பவில்லை. பாண்டி பஜார் நடைபாதையில் வாங்கிய பெயர்ப் புத்தகத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். 'ஹ' வரிசையில் ஹன்னா: கருணை, நவீனப் பெயர். 'அ' வரிசையில் அன்னாள்: அன்னை போன்றவள். அந்தப் பக்கத்தோடுதான் என் சண்டை.

முதலில் பொருள். எபிரேயத்தில் தயவு காட்டுதலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த பெயர் இது. சாமுவேலின் முதல் புத்தகத்தில் பிள்ளையில்லாத அன்னாள் உதடு மட்டும் அசைய வேண்டிக்கொண்டிருக்கிறாள். குடித்திருக்கிறாள் போல என்று ஆசாரியன் ஏலி நினைத்துவிடுகிறான். அவனுக்கு விளக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பும்போது அவள் கேட்டுக்கொள்ளும் 'ஹேன்', அதாவது தயவு, அவள் பெயரின் வேரிலேயே இருக்கும் சொல். கருணை என்றால் கஷ்டப்படுபவரைப் பார்த்து இரங்குவது. இது வேறு, பெரியவர் முகம் கொடுப்பது. தமிழில் 'அருள்' சரியாக உட்காரும். இதே வேரில் வந்த யோவானை நம் கத்தோலிக்கர்கள் அருளப்பர் என்று பொருள் பார்த்தே மொழிபெயர்த்தார்கள். பெண்ணுக்கு அந்த யோகம் இல்லை. ஒலியை வைத்து அன்னம்மாள் ஆக்கிவிட்டார்கள். மரபில் மரியாளின் தாயாக வருகிற, ஜூலை 26 அன்று திருவிழா காணும் அன்னம்மாள் அவர்தான். அன்னை என்ற தமிழ்ச் சொல்லுக்கும் இதற்கும் உறவு கிடையாது. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் பக்கம் குடியிருந்தால் அப்படித் தோன்றும், அவ்வளவுதான்.

அடுத்து வடிவம். கிரேக்கத்துக்குப் போனபோது முதலில் இருந்த தொண்டை ஒலி உதிர்ந்து 'அன்னா' ஆனது. 1611இல் வந்த ஆங்கில வேதாகமம் பழைய ஏற்பாட்டுப் பெண்ணை ஹன்னா என்றும், லூக்காவில் வரும் கிழவியை அன்னா என்றும் எழுதி ஒரே பெயரை இரண்டாக்கிவிட்டது. தமிழில் இருவருமே அன்னாள். இந்த ஒரு விஷயத்தில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள் என்பேன்.

அந்த 'ள்' சும்மா ஒட்டியது இல்லை. ஆண்டாள், அம்மாள் என்று பெண்பாலுக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு மரியாதையான முடிவு இருந்தது. ஆகாரத்தில் முடிந்த எபிரேயப் பெயர்கள் அதில் வந்து சேர்ந்தன: சாராள், ரெபெக்காள், லேயாள், மரியாள். மெய்யில் முடிந்த ரூத், ராகேல், எஸ்தர் தப்பித்தார்கள். பாளையங்கோட்டைக் கல்லூரிக்குப் பெயர் தந்த இங்கிலாந்துப் பெண்மணிகூட சாராள் தக்கர்தான். 'அன்னாள் அழுதாள்' என்று சொல்லிப் பாருங்கள், எழுவாயும் பயனிலையும் கைகோத்துக்கொண்டு போகும். போதாததற்கு, செய்யுள் தமிழில் 'அன்னாள்' என்றால் 'அத்தகையவள்'. எபிரேயப் பெயர் ஒன்று இதைவிடச் சொந்தமாகத் தமிழில் உட்கார முடியுமா, தெரியவில்லை.

1995இல் வந்த திருவிவிலியம் 'ள்'ளை எடுத்துவிட்டு அன்னா என்கிறது. மூலத்துக்கு நெருக்கம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் னகரமும் ணகரமும் ஒன்றாகிப்போன சென்னை வாயில் அது அண்ணா. அண்ணா சாலை, அண்ணா நகர் இருக்கிற ஊரில் ஒரு பெண் குழந்தை இதைச் சுமக்க வேண்டுமா?

ஹன்னாவை ஒரேயடியாக இறக்குமதி என்றும் தள்ள முடியாது. இஸ்லாமிய மரபில் மர்யமின் தாயார் பெயர் ஹன்னா, அந்த வழி பழையது. ஆனால் அக்கா மகளுக்கு வந்த வழி வேறு. 1998 முதல் 2000 வரை அமெரிக்காவில் பெண் குழந்தைப் பெயர்களில் இரண்டாம் இடம் ஹன்னாவுக்கு. அந்த அலை பத்திருபது வருஷம் தள்ளி அடையாற்றில் கரை ஒதுங்கியிருக்கிறது என்பது என் ஊகம். அதே அடையாற்றில் வாழ்ந்து 1933இல் மறைந்த அன்னி பெசன்ட் அம்மையாருடைய முதல் பெயரும் இந்த வகையறாதான். பேட்டைக்கு மிஞ்சியது பெசன்ட். பிரம்மஞான சபை அச்சகத்துக்கு அந்தப் பெசன்ட்டும் வசந்தா ஆனது. அன்னியை யாரும் சீண்டவில்லை.

அக்கா மகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவள் வயசுக்காரர்களுக்கு 'ஆள்' என்று முடியும் பெயர் எல்லாமே கல்லறைப் பெயர். ஆச்சியே தன் பெயரை யாரிடமும் சத்தமாகச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கூப்பிட்டால் கூச்சப்படுவாள். புத்தகத்தின் மேல் எனக்குக் கோபம் வேறு காரணத்துக்காக. ஒரே பெயரை இரண்டு பக்கத்தில் போட்டு, ஒன்றை நவீனம் என்று எழுதி, பூட்டியின் பெயரைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்பதே தெரியாமல் ஒரு வீட்டில் தாயும் மகளும் மூன்று நாள் பேசாமல் இருக்கும்படி செய்துவிட்டது.

மாநகராட்சி பிறப்புச் சான்றிதழில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் வரும். ஆங்கிலத்தில் ஹன்னா, தமிழில் அன்னாள் என்று கொடுத்துப் பாரேன் என்றேன். "ஸ்கூல்ல என்னன்னு கூப்பிடுவாங்க மாமா?" என்றாள். ஒரு வருஷம் வரை கட்டணமில்லாமல் பெயர் பதியலாம், யோசி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.