பேத்தி பேசுகிற பாஷை

நாவலில் வரும் சம்பாஷணையைப் பற்றி நம்மிடையே ஒரு பழைய தகராறு உண்டு. கொச்சையை அப்படியே எழுதலாமா, கூடாதா என்பது. அது தீர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. 1942இல் ஆர். ஷண்முகசுந்தரம் 'நாகம்மாள்' எழுதிக் கொங்கு நாட்டுப் பேச்சுக்கு நாவலில் இடம் பிடித்துக் கொடுத்தார். 1964இல் ஹெப்ஸிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', 1968இல் நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' வந்தன. தென்கோடிப் பேச்சும் அச்சேறியது. கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுச் சொற்களுக்கு அகராதியே போட்டார். வட்டாரப் பேச்சே இல்லாத நாவலைத்தான் இன்று தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஜெயித்த கட்சிக்கு ஒரு சோம்பல் வந்துவிடும். ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டால் பேச்சையும் சொல்லியாயிற்று என்று நாவலாசிரியர்கள் நினைக்க ஆரம்பித்துவிட்டார்கள். திருநெல்வேலிக் கதையென்றால் பாட்டி, பேரன், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா எல்லோரும் 'அவிய, இவிய' என்று ஒரே குரலில் பேசுகிறார்கள். மதுரைக் கதையென்றால் அத்தனை பேரும் 'வந்தாய்ங்க, போனாய்ங்க.' பாஷை ஊரில் மட்டுமா குடியிருக்கிறது? வயசிலும் ஜாதியிலும் சம்பளத்திலும்கூட அல்லவா குடியிருக்கிறது!

பிறரைச் சொல்வானேன், நானே செய்த குற்றம் இது. என் நாவல் ஒன்றில் ஆச்சி, மகள், பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கும் பேத்தி என்று மூன்று பெண்கள். மூவருக்கும் நான் கேட்டு வளர்ந்த ஆச்சியின் பேச்சையே கொடுத்திருந்தேன். பத்திரிகைகளில் 'மண் மணம்' என்று பாராட்டினார்கள். நானும் பூரித்துப் போயிருந்தேன். அப்போது சென்னையில் வேலை பார்க்கிற என் தங்கை மகள் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து சொன்னாள்: "நாலு வருஷமா நான் 'அவிய'ன்னு சொன்னதே இல்ல மாமா. மொத மாசமே ஆபீஸ்ல சிரிச்சுட்டாங்க. நீங்க எழுதின பொண்ணு மட்டும் இன்னும் சொல்லிக்கிட்டே இருக்கா."

எனக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகுதான் காதைத் தீட்டிக்கொண்டு கவனித்தேன். அவள் ஊருக்கு டெலிபோன் பேசும்போது இரண்டாவது நிமிஷத்தில் பழைய ராகம் திரும்பி வந்துவிடுகிறது. பக்கத்து அறைப் பெண் உள்ளே வந்தால் உடனே ஓடி ஒளிகிறது. தங்கையின் விஷயம் இன்னும் விசித்திரம். ஊரை விட்டு நகராதவள் அவள். ஆனால் மகள் பட்டணம் போனதிலிருந்து விருந்தாளி வந்தால் இலையில் 'சாதம்' போடுகிறாள். வாசல் கதவைச் சாத்தியதும் அது மறுபடி 'சோறு' ஆகிவிடுகிறது. ஆச்சிக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவளுக்கு எப்போதும் சோறுதான்.

இதைக் காதால் பிடித்து எண்ணியே காட்டிவிட்டார் வில்லியம் லபோவ் என்ற அமெரிக்கர். 1962இல் அவர் நியூயார்க்கில் மூன்று பெரிய கடைகளுக்குப் போனார். ஒன்று பணக்காரர்களுக்கு, ஒன்று நடுத்தரக் குடும்பங்களுக்கு, ஒன்று மலிவுக்கு. நாலாவது மாடியில் என்ன சாமான் விற்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அது எங்கே கிடைக்கும் என்று சிப்பந்திகளைக் கேட்டார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று பதில் வரும். அந்த 'ர்' ஒலிக்கிறதா, தேய்ந்துவிடுகிறதா என்பதே அவருக்கு வேண்டியது. அந்த ஊரில் 'ர்'ரை ஒலிப்பதுதான் அப்போது கௌரவமாக ஏறி வந்துகொண்டிருந்தது. பணக்காரக் கடையில் 100க்கு 62 பேர் சிறிதாவது ஒலித்தார்கள். நடுத்தரக் கடையில் 51. மலிவுக் கடையில் 20.

எனக்கு இதில் பிடித்தது புள்ளி விவரமல்ல, அவர் செய்த சின்னத் தந்திரம். பதில் வந்ததும் காதில் விழாதவர்போல் "என்ன?" என்று குனிந்தார். சிப்பந்தி மறுபடி நிதானமாகச் சொல்வார். 'ஃப்ளோர்' என்ற சொல்லை அந்த இரண்டாம் தடவையில் மிக அதிகமாகத் திருத்திக்கொண்டவர்கள் நடுத்தரக் கடைக்காரர்கள். என் தங்கை அந்தக் கடையில் நின்றிருக்க வேண்டியவள்!

நம் நாவல்களில் வருவது ஒன்று முதல் பதில், இல்லாவிட்டால் இரண்டாவது பதில். பழைய நாவலாசிரியர்கள் இரண்டாவதை மட்டும் எழுதினார்கள். நாங்கள் முதல் பதிலை மட்டும் எழுதுகிறோம். மனுஷர் இருப்பது இரண்டுக்கும் நடுவில்.

இதைச் சத்தம் போடாமல் செய்துவிட்டுப் போனவர் புதுமைப்பித்தன். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை மறுபடி எடுத்துப் பாருங்கள். பிள்ளை மேலகரத்துக்காரர், பட்டணத்தில் ஜாகை. அவருடைய சிறு பெண்ணின் பேச்சில் பட்டணத்துச் சாயல் படிந்திருக்கிறது. அதைப் பற்றி ஆசிரியர் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. கடைசியில் அருஞ்சொல் பட்டியலும் கிடையாது. தகப்பனும் மகளும் நாலு வாக்கியம் பேசியதுமே ஒரு குடும்பம் ஊர் பெயர்ந்த சரித்திரம் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

சொற்கள் இப்படி ஏறுவதும் இறங்குவதும் ஒரு தமாஷ். கீதையின் 2ஆம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ஜுனனின் மனக் கலக்கத்தைக் 'கச்மலம்' என்கிறான். அதே சொல்தான் சென்னை ரிக்‌ஷா ஸ்டாண்டில் 'கஸ்மாலம்' என்று வசவாயிற்று. டச்சுக்காரர்களின் செப்புக் காசான 'டொய்ட்'டிலிருந்து வந்தது 'துட்டு'. எங்கள் பக்கத்து ஆச்சிமார் அதைக் கூச்சமில்லாமல் முந்தானையில் முடிவார்கள். சென்னையில் நாசூக்கான வீடுகளில் அந்தச் சொல்லுக்கு வாசற்படி தாண்ட அனுமதி கிடையாது. சினிமாவின் காரியம் வேறு விதம். 'பருத்திவீரன்' (2007), 'சுப்பிரமணியபுரம்' (2008) போன்ற படங்களைப் பார்த்துவிட்டு, வைகையைக் கண்ணால் கண்டிராத பையன்களும் கேலிக்கு 'ஆய்ங்க' போட்டுப் பேசினார்கள். கேலிக்கு ஒட்டியது எத்தனை நாள் நிற்கும் என்று சொல்வதற்கில்லை.

என் நாவலுக்கு மறுபதிப்பு வரப் போகிறது. திருத்த உட்கார்ந்திருக்கிறேன். பேத்தியின் பேச்சை மாற்றுவது சுலபமாகத்தான் இருந்தது. அவள் டெலிபோன் பேசுகிற இரண்டு இடங்களில் மட்டும் 'அவிய'வை விட்டுவைத்தேன். அந்தத் தாயாருடைய பேச்சுதான் ஓட மாட்டேனென்கிறது. எங்கே சோறு, எங்கே சாதம் என்று வாசல் கதவைத் திறந்து திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. இதுவரை பதினேழு பக்கம் ஆகியிருக்கிறது.